‘பயங்கர புத்திசாலி’: திட்டா, பாராட்டா?

பக்கத்து வீட்டம்மா உங்க பையனைப் ‘பயங்கர புத்திசாலி’ன்னாங்க, அது திட்டா பாராட்டான்னு கேட்டிருக்கீங்க. பாராட்டுதான். அவங்க மனசாரச் சொன்னது, வருத்தப்படாதீங்க.

அகராதியில ‘பயங்கரம்’னா ‘அச்சம் தருவது’ன்னு மட்டும் பார்த்திருப்பீங்க. அதுவும் சரிதான், பயத்தை உண்டாக்குவதுங்கிற வடமொழிச் சொல் அது. ஆனா பேச்சுல அது அளவைக் கூட்டிச் சொல்லவும் வந்துடுச்சு: பயங்கரமா பசிக்குது, பஸ்ல பயங்கரக் கூட்டம்.

அந்த இடத்துல ‘ரொம்ப’ போட்டுப் பாருங்க. ‘ரொம்ப புத்திசாலி’, ‘ரொம்பப் பசிக்குது’ பொருந்துது. ‘ரொம்ப விபத்து’ பொருந்தாது. அதனால ‘பயங்கர விபத்து’ல நிஜமாவே அச்சம்தான்.

வெறுமனே ‘குழம்பு பயங்கரம்’னு சொன்னா மட்டும் முகத்தைப் பார்க்கணும். இன்னொரு வாய் அள்ளி வெச்சா பாராட்டு, தண்ணிச் சொம்பைத் தேடினா காரம். கடிதத்துல, அலுவலக மெயில்ல இந்தப் பாராட்டு வேண்டாம்; அங்கே ‘மிகவும்’னே எழுதுங்க.