ஒரே உறையில் இரண்டு கத்தி: பகிர்ந்த ஸ்டோரேஜ் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஒரு டிஸ்க்கை ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் பார்க்கும்போது வரும் சிக்கல்கள். அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்கள் பட்டறையில் இரண்டு லினக்ஸ் சர்வர், ஒரு ஐ-ஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும்) ஸ்டோரேஜ். 4 டெராபைட் லன் (ஸ்டோரேஜ் பிரித்துத் தரும் டிஸ்க்) ஒன்றை இரண்டுக்கும் கொடுத்து, எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்து, இரண்டிலும் மவுண்ட் செய்தோம் (பயன்பாட்டுக்கு இணைத்தோம்). ஒன்றில் போடும் ஃபைல் மற்றதில் தெரியாது. அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் தெரியும். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. இப்போது சில ஃபோல்டர்களைத் திறந்தால் ‘ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்’ என்கிறது. என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: எதையும் சரிசெய்யத் தொடங்காதீர்கள். முதலில் ஸ்டோரேஜ் பெட்டியிலேயே அந்த லன்னுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அன்மவுண்ட் செய்வதற்கும் முன்னால் எடுக்க வேண்டும். அன்மவுண்ட் செய்யும்போது ஒவ்வொரு சர்வரும் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய விவரத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் விலகும். அந்த எழுத்தே இன்னும் கொஞ்சம் கெடுக்கும். ஸ்னாப்ஷாட் வசதி இல்லையென்றால் இரண்டிலும் அன்மவுண்ட் செய்து, 4 டெராபைட்டுக்குக் குறையாத வேறொரு டிஸ்க்குக்கு ‘டிடி’ மூலம் முழு நகல் எடுங்கள். அதன்பின் இரண்டாவது சர்வருக்குக் கொடுத்த அனுமதியை ஸ்டோரேஜ் பக்கமே நீக்கிவிடுங்கள். யாராவது தெரியாமல் ரீபூட் செய்தால் அது மறுபடி மவுண்ட் ஆகக்கூடாது.

இப்போது ஒரே சர்வரிலிருந்து ‘இ2எஃப்எஸ்சிகே’ என்ற பழுதுபார்க்கும் கருவி. முதல் தடவை ‘-என்’ சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாது, சேதம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அடுத்து உண்மையாக ஓட்டும்போது திரையில் வருவதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதில் ‘மல்டிப்ளை-கிளெய்ம்டு பிளாக்ஸ்’ என்று ஒரு பட்டியல் வரும். ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் தங்களுடையது என்று சொல்கின்றன என்பதே அதன் பொருள். கருவி அந்தப் பிளாக்கை இரண்டு நகலாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும். ஆனால் உள்ளே இருப்பது கடைசியாக எழுதியவருடைய தகவல்; மற்ற ஃபைலின் நடுவில் அது அந்நியமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில் வெறும் எண்களோடு கிடப்பவை எந்த வகை என்று ‘ஃபைல்’ கட்டளை சொல்லும்.

ஏன் இப்படி ஆனது? எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் மூன்றுமே டிஸ்க்குக்குத் தான் ஒருவன்தான் எஜமான் என்று நம்பி எழுதப்பட்டவை. எந்தப் பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை மவுண்ட் செய்தபின் பெரும்பாலும் ரேமிலேயே வைத்துக்கொள்ளும். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நோட்டின் ஜெராக்ஸை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு தனி அறையில் வரவு எழுதினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. முதல் சர்வர் காலியென்று நினைத்த இடத்தில் இன்வாய்ஸை எழுதியது; இரண்டாவதும் அதே இடத்தைக் காலியென்று நினைத்து வரைபடத்தை எழுதியது. டிஸ்க் இரண்டையும் வாங்கிக்கொண்டது. யார் எழுதுகிறார் என்று கேட்பது அதன் வேலை அல்ல.

‘ஒன்றில் மட்டும் எழுதுகிறோம், மற்றதில் ரீட்-ஒன்லி’ என்று சிலர் செய்கிறார்கள். அதுவும் ஆபத்துதான். ரீட்-ஒன்லி மவுண்ட்டிலும் எக்ஸ்ட்4, ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேட்டில்) முடியாத வேலை இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதி முடித்துவிடும்.

நிரந்தரத் தீர்வாக உங்கள் அளவுக்கு நான் சொல்வது: ஒரு சர்வர் மட்டும் லன்னை மவுண்ட் செய்யட்டும், மற்றது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) வழியாக அதனிடம் கேட்கட்டும். முதலாவது படுத்தால் இரண்டாவது எடுத்துக்கொள்ள பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மென்பொருள் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் நேரடியாக எழுதியே ஆக வேண்டும் என்றால் ஜிஎஃப்எஸ்2 அல்லது ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும். அதில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஜர்னல், பூட்டுகளை நிர்வகிக்க டிஎல்எம், கெட்டுப்போன சர்வரை வெட்டிவிட ஃபென்சிங் என்று ஒரு கூட்டமே வரும். இன்னொன்றும் கவனியுங்கள்: ரெட் ஹேட் 10-ஆம் பதிப்பிலிருந்து ஜிஎஃப்எஸ்2 அடங்கிய ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் தொகுப்புக்கு ஆதரவு இல்லை. புதிதாகத் தொடங்குபவர் அதில் இறங்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு நோடு (சர்வர்) கொண்ட பேஸ்மேக்கர் கிளஸ்டர். இணையத்தில் பார்த்தபடி ‘ஸ்டோனித்-எனேபிள்டு’ என்ற ஃபென்சிங் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டோம். ஸ்விட்ச் மாற்றியபோது நோடுகளுக்கிடையே நெட்வொர்க் அறுந்து, இரண்டு நோடும் டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டன. ஃபென்சிங் உண்மையிலேயே கட்டாயமா?
— வாசகர், பெருங்குடி

பதில்: கட்டாயம். நெட்வொர்க் அறுந்தால் ஒரு நோடுக்கு மற்றது செத்துவிட்டதா, பேசத்தான் முடியவில்லையா என்று தெரிய வழியில்லை. ஃபென்சிங் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறது: எதிராளி இனி எழுத முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகே டிஸ்க்கைத் தொடு. அதை அணைத்துவிட்டு ஓட்டும் கிளஸ்டரைவிட, ஒற்றை சர்வர் எவ்வளவோ மேல். அதில் டேட்டாவாவது மிஞ்சும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று மின்சாரத்தை வெட்டுவது: ‘ஃபென்ஸ்_ஐபிஎம்ஐலேன்’. இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நோடின் பவர் முழுவதும் போனால் தொலைவிலிருந்து அதை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ சிப்பும் சேர்ந்து போய்விடும். ‘அணைந்துவிட்டேன்’ என்று பதில் சொல்ல ஆளில்லை. மிஞ்சிய நோடு காத்துக்கொண்டே நிற்கும். அதனால் ஒவ்வொரு சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் வெவ்வேறு யுபிஎஸ்ஸில் செருகுங்கள். இரண்டாவது நிலை ஃபென்சிங்கும் வையுங்கள்.

அந்த இரண்டாவது நிலைக்கு ஏற்றது ஸ்கஸி-3 பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன். ஒவ்வொரு நோடும் லன்னில் 8 பைட் சாவி ஒன்றைப் பதிவு செய்யும். ரிசர்வேஷன் வகை 5 வைத்தால், சாவி பதிந்தவர் மட்டுமே எழுதலாம். வெட்டுவது என்றால் உயிரோடுள்ள நோடு மற்றதன் சாவியைப் பிடுங்கிவிடும். அதன்பின் அது எழுத முயன்றால் ஸ்டோரேஜே ‘ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்’ என்று திருப்பி அனுப்பும். உங்கள் பெட்டி இதைத் தாங்குமா என்று ‘எஸ்ஜி_பெர்சிஸ்ட்’ கட்டளையில் திறன் அறிக்கை கேட்டுப் பாருங்கள். எந்த சாவிகள் பதிந்திருக்கின்றன என்பதையும் அதுவே காட்டும். மல்டிபாத் (ஒரே லன்னுக்குப் பல இணைப்புப் பாதை) இருந்தால் ‘ஃபென்ஸ்_எம்பாத்’ ஏஜென்ட்டையே பயன்படுத்துங்கள். மல்டிபாத் கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு நோடுக்கும் வெவ்வேறு சாவி கொடுக்க வேண்டும்.

மூன்று சிறிய விஷயங்களால் இது அடிக்கடி கெடுகிறது. ‘ப்ரொவைட்ஸ்=அன்ஃபென்சிங்’ போட மறந்தால், வெட்டப்பட்ட நோடு திரும்ப வந்தும் எழுத முடியாமல் நிற்கும். சாவி பிடுங்கப்பட்ட நோடு அணைவதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை ரீபூட் செய்ய வாட்ச்டாக் வையுங்கள். இரண்டு நோடும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டுமே அணைவதும் உண்டு. ஒரு நோடுக்கான ஃபென்சிங்கில் மட்டும் சில விநாடித் தாமதம் கொடுத்தால் ஒன்று பிழைக்கும். நோடுகள் கேவிஎம் விர்ச்சுவல் மெஷின் என்றால், ரிசர்வேஷன் கட்டளைகள் உள்ளிருந்து ஸ்டோரேஜ் வரை போக ‘கியூஎமு-பிஆர்-ஹெல்பர்’ சேவை ஹோஸ்ட்டில் ஓட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஞாயிறு காலை ஒன்றில் நோடுகளுக்கிடையேயான கேபிளைக் கையால் உருவிப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: விஎம்வேர் ஹோஸ்ட் மூன்று. மேலே விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டர், ஆர்டிஎம் (விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த லன்) டிஸ்க்குகளோடு. எந்த ஹோஸ்ட்டை ரீபூட் செய்தாலும் மேலே வர முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த மெஷின்களுக்கு ஸ்னாப்ஷாட்டும் எடுக்க முடியவில்லை.
— வாசகர், கிண்டி

பதில்: ஹார்டுவேரில் பழுதில்லை. ஆர்டிஎம் லன்களை விண்டோஸின் ஆக்டிவ் நோடு ரிசர்வ் செய்து வைத்திருக்கிறது. ரீபூட் ஆகும் ஹோஸ்ட் ஒவ்வொரு லன்னையும் திறந்து படிக்க முயன்று, மறுக்கப்பட்டு, திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்த லன்களை ‘பெரென்னியலி ரிசர்வ்டு’ என்று குறித்துவிட்டால் ஹோஸ்ட் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் கோர் டிவைஸ் செட்கான்ஃபிக்’ கட்டளையில் லன்னின் ‘என்ஏஏ’ அடையாள எண்ணைக் கொடுத்துச் செய்ய வேண்டும். மூன்று ஹோஸ்ட்டிலும், ஒவ்வொரு ஆர்டிஎம் லன்னுக்கும் தனித்தனியாக. டேட்டாஸ்டோர் (விர்ச்சுவல் மெஷின்களின் ஃபைல்கள் இருக்கும் இடம்) இருக்கும் லன்னில் தவறிப்போய் இதைச் செய்யாதீர்கள்.

ஸ்னாப்ஷாட் வராதது சரியே. ஸ்கஸி பஸ் ஷேரிங் (டிஸ்க்கை மெஷின்கள் பகிரும் அமைப்பு) உள்ள மெஷின்களுக்கு அது கிடையாது. பேக்கப்பை விண்டோஸுக்குள் ஏஜென்ட் போட்டு எடுங்கள்.

கேள்வி: ஜிஎஃப்எஸ்2 லன்னை 2 டெராபைட்டிலிருந்து 3 ஆக்கினோம். ஒரு நோடில் புதிய அளவு தெரிந்தது, ஃபைல் சிஸ்டத்தையும் வளர்த்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நோடில் மவுண்ட் உறைந்துவிட்டது.
— வாசகர், தரமணி

பதில்: வரிசை தவறியது. மூன்றாவது டெராபைட் இருப்பதே அந்த இன்னொரு நோடுக்குத் தெரியாது. ஃபைல் சிஸ்டம் அங்கே ஒரு பிளாக்கைக் காட்டியதும் ‘டிவைஸின் எல்லைக்கு அப்பால்’ என்று கெர்னல் மறுத்தது; ஜிஎஃப்எஸ்2 பாதுகாப்புக்காகத் தானே விலகிக்கொண்டது. இப்போது அந்த நோடில் ரீஸ்கேன் செய்து ரீபூட் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்த முறை, கீழிருந்து மேலாக. ஸ்டோரேஜில் லன்னை வளர்த்தபின் எல்லா நோடிலும், எல்லா பாத்திலும் ரீஸ்கேன். லன்னுக்கு 4 பாத் என்றால் நோடுக்கு 4 தடவை. பிறகு ஒவ்வொரு நோடிலும் ‘மல்டிபாத்டி’ வழியாக மேப்பை ரீசைஸ் செய்யுங்கள். அத்தனை நோடிலும் ஒரே அளவு தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே, ஒரே ஒரு நோடிலிருந்து ‘பிவிரீசைஸ்’, ‘எல்விஎக்ஸ்டெண்ட்’, ‘ஜிஎஃப்எஸ்2_க்ரோ’. லன்னைச் சுருக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்; ஜிஎஃப்எஸ்2 சுருங்காது.

லன்னை நீக்கும்போது இதே வரிசை தலைகீழாக, மேலிருந்து கீழ்: அன்மவுண்ட், வால்யூம் குரூப்பை நிறுத்துதல், மல்டிபாத் மேப் நீக்கம், ஒவ்வொரு பாத் டிஸ்க்கின் நீக்கம், கடைசியில்தான் ஸ்டோரேஜில் அன்மேப். விஎம்வேரில் நேரே கீழேயே அன்மேப் செய்துவிட்டு ‘ஆல் பாத்ஸ் டவுன்’ (எல்லாப் பாதையும் அறுந்த) நிலையில் ஹோஸ்ட் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றாவிட்டால் 140 விநாடி வரை அது விடாமல் முயலும். நீக்கப்போகும் டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரை வைத்தோ லன் நம்பரை வைத்தோ அடையாளம் காணாதீர்கள். ரீபூட் ஆனால் பெயர் மாறும்; நோடுக்கு நோடு நம்பர் மாறலாம். லன்னின் மாறாத அடையாளமான டபிள்யூடபிள்யூஐடியின் கடைசி ஆறு எழுத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஸ்டோரேஜ் திரையில் சரிபார்ப்பதே பழக்கமாகட்டும்.

கேள்வி: ஒரு விர்ச்சுவல் மெஷினை க்ளோன் செய்து இரண்டாவது நோடு உருவாக்கினோம். இரண்டும் ஐ-ஸ்கஸியில் சேர்ந்ததும் சில விநாடிக்கு ஒருமுறை மாறி மாறித் துண்டிக்கப்படுகின்றன. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் மாற்றிவிட்டோம்.
— வாசகர், வேளச்சேரி

பதில்: க்ளோனோடு, ஐ-ஸ்கஸியில் சர்வரை அடையாளம் காட்டும் ஐக்யூஎன் பெயரும் நகலாகிவிட்டது. ஒரே பெயரில் இரண்டாமவர் வந்ததும் ‘பழையவரே திரும்பி வந்திருக்கிறார்’ என்று டார்கெட் (ஸ்டோரேஜ் பக்கம்) முதல் செஷனை வெட்டுகிறது. வெட்டுப்பட்டவர் மறுபடி வந்து மற்றவரை வெட்டுகிறார். க்ளோனில் ‘ஐஸ்கஸி-ஐநேம்’ கொண்டு புதுப் பெயர் உருவாக்கி ‘இனிஷியேட்டர்நேம்’ ஃபைலில் எழுதி, ஸ்டோரேஜில் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுத்து, லாகவுட் செய்து உள்ளே வாருங்கள். ‘மெஷின்-ஐடி’யையும் மாற்றுங்கள். என்விஎம்இ ஓவர் டிசிபி பயன்படுத்துவோர் இதே போன்ற பெயர் இருக்கும் ‘ஹோஸ்ட்என்க்யூஎன்’ ஃபைலைப் பாருங்கள்.

கேள்வி: வடகிழக்குப் பருவமழை வருகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அவசரமாக எல்லாவற்றையும் அணைத்தோம். திரும்ப ஏற்றியபோது பாதி டேட்டாஸ்டோரைக் காணவில்லை. முறை என்ன?
— வாசகர், பள்ளிக்கரணை

பதில்: அணைக்கும் வரிசை: விர்ச்சுவல் மெஷின்கள், ஹோஸ்ட்கள், ஸ்டோரேஜ், கடைசியில் ஸ்விட்ச். ஸ்டோரேஜை அதன் சொந்த ஷட்டவுன் மெனு வழியாக அணையுங்கள். ரைட் கேஷில் (எழுதக் காத்திருக்கும் தகவலின் தற்காலிக நினைவகத்தில்) இருப்பது டிஸ்க்குக்கு இறங்க வேண்டும். பெட்டியின் மின்சாரத்தை நேரே துண்டித்தால் அந்தக் கேஷ் பேட்டரியை நம்பி நிற்கும். பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றில் அந்த பேட்டரி 72 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சென்னையில் தண்ணீர் வடிந்து கரண்ட் வர அதற்கு மேலும் ஆகியிருக்கிறது.

ஏற்றும்போது ஸ்விட்ச் முதலில். முழுதாக எழ அதற்குச் சில நிமிடம் கொடுங்கள். அடுத்து ஸ்டோரேஜ்: இரண்டு கன்ட்ரோலரும் எழுந்து, எல்லா வால்யூமும் ஆன்லைன் என்று காட்டும்வரை ஹோஸ்ட் பட்டனைத் தொடாதீர்கள். உங்களுக்கு டேட்டாஸ்டோர் காணாமல் போனதற்குப் பெரும்பாலும் ஹோஸ்ட் முந்திக்கொண்டதே காரணம். ஒரு ரீஸ்கேன் செய்தால் வந்துவிடும். காணவில்லையே என்று அந்த லன்னில் புது டேட்டாஸ்டோர் உருவாக்கும் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள், உள்ளே இருக்கும் அத்தனையும் போய்விடும்.

டிஎன்எஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும் அதே ஸ்டோரேஜில் மட்டும் இருந்தால், ஹோஸ்ட் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் எழ ஹோஸ்ட் வேண்டும் என்று சுற்றும். ஒரு டொமைன் கன்ட்ரோலரையாவது ஒரு ஹோஸ்ட்டின் லோக்கல் டிஸ்க்கில் வையுங்கள். ஸ்டோரேஜ், ஸ்விட்ச், ஹோஸ்ட் எல்லாவற்றின் ஐபி முகவரியையும் ஏற்றும் வரிசையையும் ஒரு தாளில் அச்சிட்டு, லேமினேட் செய்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கரண்ட் இல்லாத அறையில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.