முள் அன்னமுன்னா இலையும் ஆய்வுகூடத் தட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, புரோஸ்டேட் புற்றுநோய். தெல்லிப்பழையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹோர்மோன் ஊசி போடுகிறோம். முள் அன்னமுன்னா இலை இந்தப் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் என்று ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஊசியை நிறுத்திவிட்டு அவித்துக் கொடுக்கலாமா? - வாசகர், சாவகச்சேரி

ஊசியை நிறுத்த வேண்டாம். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. இந்த இலைச்சாற்றைப் புரோஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் விட்டுப் பார்த்த ஆய்வுகள் உண்டு. எந்தக் கலங்கள் என்பதுதான் கேள்வி. அடிக்கடி பயன்படுவது பிசி-3. ஒரு நோயாளியின் எலும்புக்குப் பரவிய புற்றிலிருந்து எடுத்து, 1970களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்துவரும் கலவரிசை இது. வளர ஆண் ஹோர்மோன் தேவையில்லை. அப்பாவுக்குப் போடுவதோ அந்த ஹோர்மோனை அடக்கும் ஊசி. ஹோர்மோனை நம்பி வளரும் நோய்க்கு எல்என்கேப் என்ற வரிசைதான் கொஞ்சம் கிட்ட வரும்.

சரி, கலம் செத்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் எம்டிடி என்ற மஞ்சள் நிறப் பொருளை விடுவார்கள். உயிருள்ள கலம் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் கலம் குறைந்தது என்று கணக்கு. இந்த இலையில் இருக்கும் அன்னோனாசின், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியை முடக்குகிற பொருள். அப்படி முடங்கிச் சோர்ந்த கலமும் ஊதாவைக் குறைத்துக் காட்டலாம். அதனால் இப்படியொரு கட்டுரை கையில் கிடைத்தால், வேறு முறையாலும் எண்ணிப் பார்த்தார்களா, நோயில்லாத புரோஸ்டேட் கலங்களுக்கும் அதே அளவு விட்டார்களா என்றுதான் முதலில் தேடுவேன். கறியுப்பை அள்ளிப் போட்டாலும் ஆய்வுகூடத் தட்டில் வளரும் கலம் சாகும்தானே.

தட்டில் சாறு நேரே கலத்தின் மேல் விழுகிறது. குடித்தால் குடலையும் ஈரலையும் தாண்டி, இரத்தத்தில் கரைந்து, மிச்சம்தான் புரோஸ்டேட்டுக்குப் போகும்.

தாவர மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புரோஸ்டேட் புற்றுக்குக் கொடுக்கும் டோசிடாக்செல், ஐரோப்பிய யூ மர இலையில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்வது. 2004இல் வெளிவந்த ஆய்வில் 1,006 நோயாளிகளிடம் பழைய மருந்தோடு ஒப்பிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், 16.5 மாதத்திலிருந்து 18.9 ஆனது. இவ்வளவு தூரம் வந்த மருந்துக்கே ஏறக்குறைய இரண்டரை மாதம்தான்!

அவித்த இலையில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் (கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) போன்ற, வழக்கமான மருந்துக்கு மசியாத நோய் கூடுதலாக இருப்பதை 1999இல் எழுதினார்கள். இலைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. என்றாலும் 71 வயதுக்காரருக்குத் தினமும் அவித்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால், எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். கை நடுங்குகிறதா, நடை தடுமாறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.