பக்கத்து வீடு இடிகிறது: தெருவில் குவியல், சுவரில் விரிசல், யாரிடம் போவது?

கேள்வி: தருமபுரி பக்கம் ஒரு டவுனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து ஓட்டு வீட்டை ஜேசிபி வைத்து இடித்துவிட்டு, மாடி வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். இடித்த செங்கல், மண், காரை எல்லாம் தெருவில் பாதியை அடைத்துக் கிடக்கிறது. சாக்கடையும் மூடிவிட்டது. கடக்கால் (அஸ்திவாரம்) தோண்டும்போது பாறை வந்ததால் ராத்திரி பதினொரு மணி வரை பிரேக்கர் ஓடுகிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா. எங்கள் பக்கச் சுவரில் இரண்டு இடத்தில் விரிசல். உள்ளாட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "அது உங்க ரெண்டு பேர் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு மாமா முறை. சண்டையும் வேண்டாம், சும்மா இருக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அலுவலகத்தில் சொன்னது பாதி சரி. சுவர் விரிசல் உங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலான விவகாரம்தான். அதற்கு எந்த நகராட்சியும் நஷ்டஈடு வாங்கித் தராது. ஆனால் தெருவும் சாக்கடையும் உங்கள் மாமாவுடையது அல்ல, உங்களுடையதும் அல்ல. அவற்றைத் திறந்து வைப்பது உள்ளாட்சியின் வேலை. நீங்கள் எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் சொன்னதால், தங்களுக்கு வசதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாலு குறை எழுதிய மனு நாலு மேசைக்கும் போகும், எந்த மேசையிலும் தங்காது.

அதனால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். குவியலும் சாக்கடையும் உள்ளாட்சிக்கு. ராத்திரிச் சத்தம் போலீசுக்கு. விரிசல் முதலில் மாமாவுக்கு, அப்புறம்தான் சட்டத்துக்கு.

சீக்கிரம் தீரக்கூடியது குவியல்தான். அது எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 600 சதுர அடி ஓட்டு வீடு, ஒன்பது அங்குலச் சுவர், பத்தடி உயரம் என்றால், சுவர் மட்டுமே ஏறக்குறைய 1,000 கன அடி வரும். நம்மூர்க் கணக்கில் பத்து யூனிட். எடை ஐம்பது டன்னைத் தொடும். இடித்துக் குவித்தால் இடைவெளி சேர்ந்து இன்னும் பெரிதாகத் தெரியும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கட்டுமான, இடிப்புக் கழிவு விதிகள், ஒரே நாளில் 20 டன்னோ ஒரு வேலையில் மாதம் 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு வந்தால், இடிக்கும் முன்பே கழிவுத் திட்டம் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்கச் சொன்னவை. சாதாரண வீட்டுக்கு இது பொருந்தாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் அந்த 20 டன் எப்போதோ தாண்டிவிடும். சின்ன வேலையானாலும் ரோட்டையும் சாக்கடையையும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது கழிவை உண்டாக்குகிறவர் பொறுப்பு என்றும் அந்த விதிகளே சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றின் இடத்தில் 2025ஆம் ஆண்டுப் புதிய விதிகள் வருகின்றன. அவற்றின் கனமான பொறுப்புகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டுமானங்களுக்கானவை. ஆகவே உங்கள் மனுவை விதி எண் மேல் கட்டாதீர்கள். பொதுவழி அடைபட்டிருக்கிறது என்பதே போதும். அதை அகற்றச் சொல்ல உள்ளாட்சிக்கு எப்போதும் அதிகாரம் உண்டு.

மனு எப்படி இருக்க வேண்டும்? டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். தெரு எத்தனை அடி அகலம், குவியல் எத்தனை அடியைப் பிடித்திருக்கிறது, சாக்கடை எத்தனை அடி நீளத்துக்கு மூடியிருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து. போட்டோவில் மின்கம்பமோ பக்கத்து வாசலோ தெரிய வேண்டும். வெறும் செங்கல் குவியல் படம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: "இத்தனை நாளுக்குள் அகற்றும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அகற்றாவிட்டால் அலுவலகமே அகற்றி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும்." "தகுந்த நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால், தகுந்தது எது என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். நகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. தபால் பிரிவில் ஒரு நகலில் சீல் போட்டு வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாய்மொழியாக எத்தனை தடவை போனாலும் அது நடந்ததாகவே கணக்கில் வராது.

சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு நகல் கொடுங்கள். சாக்கடை தேங்கினால் கொசு. பிறகு மாமா கியூரிங்குக்குப் பிடித்து வைக்கிற தொட்டித் தண்ணீரிலும் கொசு வரும். 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் பழையதுதான், ஆனால் கொசு விஷயத்தில் அதற்கு இன்னும் பல் இருக்கிறது. டெங்கு காலத்தில் நகரமைப்புப் பிரிவைவிடச் சுகாதார ஆய்வாளர் வேகமாக வருவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் டவுன்களின் குறுகிய தெருக்களில் எம்-சாண்டும் ஜல்லியும் ஒருநாள்கூட ரோட்டில் இறங்கக் கூடாது என்று நின்றால், யாரும் வீடு கட்ட முடியாது. நாளைக்கு நீங்களும் கட்டுவீர்கள். ரோட்டில் பொருள் போட யாருக்கும் உரிமை இல்லை என்பது சட்டம். அலுவலகத்தில் சொல்லி, வழி விட்டு, இரண்டு நாளில் உள்ளே எடுத்துக்கொள்வது நடைமுறை. ஆம்புலன்ஸ் நுழையும் அளவு வழி, சாக்கடை மேல் எதுவும் கிடையாது, மணல் ஓடாமல் சுற்றிலும் ஹாலோ பிளாக் ஒரு வரிசை, மேலே தார்ப்பாய். இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். புரட்டாசி, ஐப்பசி மழை இந்தப் பக்கம் கொட்டினால், மூடாத மணல் ஒரே ராத்திரியில் தெருக்கோடிச் சாக்கடை வரை போய்ப் படியும்.

இடிபாட்டை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். டிராக்டர்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்றால், பெரும்பாலும் ஏதாவது ஏரிக்கரை அல்லது ஓடை. உங்கள் வாசல் சுத்தமாகிவிட்டது என்று அதோடு விட்டுவிட வேண்டாம். நீர்நிலையில் கொட்டுவதைத் தாசில்தாரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லலாம். உண்மையில் பழைய வீட்டில் வீணாகப் போவது கொஞ்சம்தான். முழுச் செங்கலும் நாட்டு ஓடும் மரச்சாமானும் விலைக்குப் போகும். கருங்கல் மறுபடி கடக்காலுக்கே ஆகும். உடைந்த செங்கலும் காரையும் வேறு யாராவது பேஸ்மென்ட் நிரப்பக் கேட்டு வருவார்கள். ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டால்தான் அது குப்பை.

இனி சத்தம். இதில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது, ஆனால் ராத்திரிக்கு மட்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் 2010இல் செய்த திருத்தப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டவே கூடாது. டெசிபல் அளக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஓடினாலே மீறல்தான். 10 மணி தாண்டி பிரேக்கர் ஓடினால் 100 அல்லது 112க்கு அழையுங்கள். நேரம் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.

பகல் சத்தம் வேறு கதை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. டைல்ஸ் கட்டிங் மிஷின் ஒன்று போட்டாலே அது தாண்டும். ஆனால் போனில் இருக்கும் ஆப் காட்டும் எண்ணை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. பகலில் வேலை நேரத்தைப் பேசி முடிப்பதுதான் பலன் தரும். அம்மா மதியம் படுக்கும் இரண்டு மணி நேரம் பிரேக்கர் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் நேரடியாகச் சொல்லுங்கள். வீட்டுக்காரரைவிட மேஸ்திரி இதில் வளைந்து கொடுப்பார். அப்புறம், சென்ட்ரிங் போட்டு மோல்டு (கூரைத் தளக் கான்கிரீட்) ஊற்றுகிற நாள் மட்டும் விதிவிலக்காக நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் பாதியில் நின்றால் இணைப்பு பலவீனப்படும். மிக்சர் பழுதாகி ஒருநாள் பத்தரை ஆனால் அதற்குப் போலீசை அழைப்பது, சட்டப்படி சரியாக இருந்தாலும், மாமா முறையில் சரிவராது.

பாறை என்றீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நாலடி தோண்டினால் பாறை தட்டுவது புதிதல்ல. பிரேக்கருக்கு வாடகை ஏறுகிறது என்று யாராவது "ஒரு வெடி வச்சுடலாம்" என்று யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் வெடி வைப்பது குற்றம், வீடுகளுக்கு நடுவில் அது ஆபத்தும்கூட. உடனே போலீசுக்குச் சொல்லலாம். இதற்கு நல்ல மாற்று உண்டு. பாறையில் துளைகள் போட்டு, தண்ணீரில் கரைத்த விரிவடையும் ரசாயனப் பொடியை ஊற்றிவிட்டால், சில மணி நேரத்தில் அது உப்பிப் பாறையைப் பிளக்கும். துளை போடும் சத்தம் மட்டும்தான், அதிர்வு போகாது. கிரானைட் வேலை நடக்கிற மாவட்டம், இது தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். செலவு கூடுதல்தான், உங்கள் சுவரைச் சரிசெய்து தருவதைவிடக் குறைவு என்று மாமாவுக்குச் சொல்லிப் பாருங்கள்.

விரிசலுக்கு வருவோம். இன்றே செய்ய வேண்டியது: விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்கே கொஞ்சம் சிமெண்ட் அல்லது பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பட்டை வைத்து அதிலும் தேதி. பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். முடி போலப் பூச்சில் மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் திறந்தாலோ, சாய்வாகப் படிபோல் செங்கல் இணைப்பு வழியே போனாலோ, கதவு திடீரென்று பிடித்தாலோ, உடனே ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்தக் குழியை உங்கள் கடக்காலைவிட ஆழமாக, உங்கள் சுவர் நீளத்துக்கும் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் உண்மையான ஆபத்து. துண்டு துண்டாகத் தோண்டி, ஒவ்வொன்றையும் கட்டி மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மண் இளகியிருந்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்த குழியோடு ஒரு வாரம் விடுவது அறவே கூடாது.

சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பிடி 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். பக்கத்து நிலத்தின் மண் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்பது உங்கள் உரிமை. ஆனால் அது வெறும் நிலத்துக்கு. மேலே வீடு இருந்தால், அந்தத் தாங்கல் 20 வருடம் தடையில்லாமல் கிடைத்திருந்தால்தான் வீட்டுக்கும் உரிமை உறுதிப்படும். உங்கள் வீடு எந்த வருடம் கட்டியது என்று காட்டும் பழைய வரி ரசீது, மின் இணைப்புக் காகிதம் ஆகியவற்றைத் தேடி வையுங்கள். இடிப்பதிலும் கட்டுவதிலும் ஆளுக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 290ஆம் பிரிவில் குற்றமும் ஆகும். இதை எடுத்தவுடன் பயன்படுத்தச் சொல்லவில்லை. மாமாவிடம் முதலில் இப்படிப் பேசலாம்: "மாமா, நீங்க வீடு கட்டுறது எங்களுக்குச் சந்தோஷம்தான். சுவத்துல விரிசல் விட்டிருக்கு, ஒரு தடவை வந்து பாருங்க. வேலை முடிஞ்சதும் சரி பண்ணித் தர்றேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம், நாளைக்கு ரெண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது பாருங்க." மறுத்தால், கோர்ட்டுக்கு முன்னால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசம் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். அதுவும் நடக்காமல், சுவர் ஆபத்தில் இருந்தால்தான் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவும், நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் ஓர் ஆணையரும் கேட்க வேண்டும்.

தூசு விஷயத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் ஒன்று இருக்கிறது. திறந்த வெளியில் கல், டைல்ஸ் அறுப்பது, ரோட்டோரம் பொருளும் கழிவும் சேர்ப்பது, மூடாத வண்டியில் கொண்டுபோவது, மூன்றும் கூடாது. நடைமுறையில் கேட்க வேண்டியது பச்சை வலையும் தண்ணீர் தெளிப்பும். பழைய வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை அடித்து நொறுக்க விடாதீர்கள். நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும். அந்த நாளில் அம்மாவை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பிளான் அப்ரூவல் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பார்க்கலாம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. ஆகவே ஆய்வாளர் முன்னதாக வந்து பார்த்திருக்க மாட்டார். பக்கவாட்டு இடைவெளி விடாமல் உங்கள் சுவரை ஒட்டி எழுப்பினால் மட்டும் இந்த வழியில் போங்கள். குவியலுக்குப் பதிலடியாக அப்ரூவலைத் தோண்டினால், விஷயம் குவியலோடு நிற்காது.

மனு கொடுத்து இரண்டு வாரமாகியும் அசைவு இல்லை என்றால், முதல்வரின் உதவி மைய எண் 1100க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் முதல் மனுவின் நகலோடு போங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தேதி மனு மீது எடுத்த நடவடிக்கை, கொடுத்த நோட்டீசின் நகல்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பல நேரம் பதில் எழுதுவதற்கு முன் குவியலை எடுத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் மேலே, பொதுவழித் தடையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133 என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு. தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர் இரண்டு இடத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. விழும் நிலையில் பாதி இடித்த சுவர் தெருப்பக்கம் நின்றாலும் இதே பிரிவுதான், அதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் இதையே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் போடுங்கள். 2019இல் மாநகராட்சியான ஓசூரில் இருப்பவர்கள் மாநகராட்சி ஆணையருக்கு எழுத வேண்டும். அங்கே கோட்ட அளவில் பார்ப்பவர் சப் கலெக்டர்.