கேட்டு வாங்குங்கள்: மாடி சோலார்

கே: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டோமா? – தஞ்சாவூர் வாசகி

ப: கருவியில் கோளாறு இல்லை. ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சோலார் கரண்ட் லைனுக்குள் போய், அங்கே வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. ஆனால் விற்றவர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், அம்மா. உங்கள் கோபம் நியாயமானது.

கே: இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் போடச் சொல்கிறார்கள். – மதுரை

ப: வேண்டாம். 1 கிலோவாட்டே நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கே: 25 வருட வாரண்டி என்கிறார்களே, நம்பலாமா? – நாகர்கோவில்

ப: இந்த விளம்பரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம். அந்த 25 வருடம், பேனலின் உற்பத்தித் திறன் சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பதற்கான உறுதி மட்டும்தான். பேனலில் பழுது வந்தால் மாற்றித்தரும் வாரண்டி பெரும்பாலும் 10, 12 வருடம். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். முதலில் மக்கர் செய்வதும் அதுதான். உங்கள் ஊர் உப்புக்காற்றில் ஸ்டாண்டு துருப்பிடித்தால் யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். நான் வாங்கிய சோலார் வாட்டர் ஹீட்டரில் உப்புப் படிந்து குழாய் அடைத்தபோது விற்ற கடையே இல்லை. வாரண்டி அட்டை மட்டும் பத்திரமாக இருந்தது. 2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் 78,000 ரூபாய் வரை மானியம் தந்து சோலாரை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு வீட்டில் பழுதுபார்க்க ஆள் வராவிட்டால் அந்தத் தெருவில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். திட்டப்படி விற்பனையாளர் 5 வருடம் பராமரிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: விலை குறைவென்று பதிவில்லாத ஆளிடம் வெளிநாட்டு பேனல் வாங்கிப் போட்டுவிட்டேன். மானியம் வருமா? – சேலம்

ப: வராது. பதிவுபெற்ற விற்பனையாளர், உள்நாட்டுத் தயாரிப்பு இரண்டுமே கட்டாயம். வாங்கும் முன் கேட்டிருக்கலாமே!

கே: அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் 60,000 முன்பணம் கொடுத்தோம். மூன்று மாதமாக ஆள் போனை எடுப்பதில்லை. – விழுப்புரம்

ப: மனசு கஷ்டமாக இருக்கிறது. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையா, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் அப்பாவே பேசலாம்.