பெரிய இலக்கியப் பரிசு வாங்கிய பிறகும் ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராத்தா கடையில் கல்லா வேலை பார்த்தாராமே, அவ்வளவு வறுமையா?

வறுமை இல்லை. கல்லா வேலையையும் வறுமையையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், அது உறுத்தியதால்தான் எழுதுகிறேன். நீங்கள் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு கதை எழுத ஆசைப்படுகிறவர் என்று நினைக்கிறேன். வேலையை விட்டால்தான் எழுத்து வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

முராத்தா 1979இல் டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில் இன்சாய் என்ற ஊரில் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே கொன்பினியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கொன்பினி என்றால் பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடை. சோற்று உருண்டை, சிகரெட்டிலிருந்து கரண்ட் பில் கட்டுவது, பார்சல் அனுப்புவது வரை எல்லாம் அங்கேயே நடக்கும், நாடு முழுக்க 50,000க்கு மேல் இருக்கின்றன. 2003இல் குன்ஸோ என்ற இலக்கிய இதழின் புதுமுகப் பரிசில் தேர்வாகி எழுத வந்தார், 2009இல் நோமா புதுமுகப் பரிசு, 2013இல் மிஷிமா யுகியோ பரிசு. இவ்வளவும் வந்த பிறகும் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். 2016இல் 'கொன்பினி நிங்கென்' ('கொன்பினி மனிதர்' என்று அர்த்தம்) நாவலுக்கு, நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய பரிசு, அகுதாகவா பரிசு கிடைத்தது (10 லட்சம் யென்னும் ஒரு பாக்கெட் கடிகாரமும் தருவார்கள்). பரிசு அறிவித்த அன்று காலையிலும் கடையில் நின்றுவிட்டுத்தான் வந்தார். புத்தகம் ஜப்பானில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து ஆறு வரை எழுத்து, எட்டிலிருந்து மதியம் ஒன்று வரை கடை, அப்புறம் காபிக் கடையில் உட்கார்ந்து மறுபடி எழுத்து, இப்படித்தான் அவர் நாள் போயிருக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் கடையை விட்டார், ஆனால் பணம் வந்ததும் உதறிவிட்டு ஓடியவர் இல்லை.

சரி, இதில் எனக்கு என்ன? நானும் கொன்பினியில் நின்றவள். 2018இல் மொழிப் பள்ளி விசாவில் டோக்கியோ வந்தேன். வந்த இரண்டாவது மாதம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். முதல் நாள் முழுக்க 'இராஷ்ஷாய்மாசே' (வாங்க வாங்க) என்று சொல்ல மட்டும்தான் பயிற்சி. குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும், கதவு திறக்கும் சத்தம் கேட்டவுடன் வர வேண்டும். அப்புறம் பால் அட்டைகளில் தேதி குறைவானதை முன்னால் இழுத்து வைப்பது, சோற்று உருண்டைகளைப் பெயர் தெரிகிற மாதிரி திருப்பி அடுக்குவது, 'சூடு பண்ணித் தரட்டுமா' என்று கேட்பது. சிகரெட்டுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், அடுக்கில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வருவார், உள்ளே வரும்போதே உள்ளங்கையில் சில்லறை குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் திரும்பி 67ஐ எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன். மூன்று மாதத்தில் இது தானாக வந்துவிட்டது, யாரும் சொல்லித்தரவில்லை.

ஊரில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். கடைச் சீருடையில் எடுத்த போட்டோ ஒன்று எப்படியோ குடும்ப வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. உடனே அத்தை அம்மாவுக்குப் போன் போட்டு, "இஞ்சினியரிங் படிக்க வெச்சது மளிகைக் கடையில நிக்கவா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் கூட வேலை பார்த்த ஜப்பானிய அக்கா ஒருவர், அந்த நாவல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது, படி என்று முராத்தா பெயரைச் சொன்னார். வாங்கிப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே அதே சில்லறைச் சத்தம். கதையின் நாயகி கெய்கோ என்ற பெண், வயது 36, அதில் 18 வருடம் ஒரே கடை. சில்லறை சத்தம் கேட்டதும் சிகரெட்டோ பேப்பரோ வாங்கத்தான் இவர் வருகிறார் என்று கண்டுபிடித்துக் கல்லாவுக்கு ஓடுகிறாள். கடையின் ஓய்வு அறையில் உட்கார்ந்து அழுதேன். நான் வெளியே சொல்லக் கூசியதை ஒருத்தி தன் கண்ணாலும் காதாலும் பார்த்து, பரிசு வாங்குகிற அளவுக்கு எழுதியிருக்கிறாள். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் ஏன் கல்யாணம் இல்லை, ஏன் நல்ல வேலை இல்லை என்று கெய்கோவைக் குணப்படுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் அத்தை குரலே கேட்டது.

கடை வேலையைத் தெய்வமாக்குகிறாள் என்று இதற்குக் கீழே சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. கால் வீங்கும், குடித்துவிட்டு வருகிறவர்கள் கத்துவார்கள், விற்காத சாப்பாட்டைப் பையில் கொட்டும்போது மனசு கேட்காது. முராத்தாவுக்கு அது சொந்த விருப்பம், எனக்கு வாடகைக் காசு, இரண்டும் ஒன்றில்லை என்பதும் தெரியும்.

வாடகை என்றதும் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஜப்பான் என்று தேடி வருகிற பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். என்னை அனுப்பிய ஏஜென்ட் பகுதிநேர வேலையிலேயே பள்ளிக் கட்டணம் கட்டிவிடலாம் என்றார். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அப்போது மணிக்கு 1,000 யென் என்றே வைத்தாலும் நான்கு வாரத்துக்கு 1,12,000. அதில் வாடகை, சாப்பாடு, ரயில் போக என்ன மிஞ்சும்? என் பள்ளிக்கு வருடம் ஏழு லட்சம் யென்னுக்கு மேல். அப்பா நிலத்தை அடமானம் வைத்தார். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் ஆகாது, அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

வேலையை விடலாமா என்றால், எனக்குத் தெரிந்து முராத்தா கடையை எழுத்துக்கு இடைஞ்சலாக நினைக்கவில்லை, அந்த நாவலே கடைக்குள்ளிருந்துதான் வந்தது. உங்கள் ஆபீஸில் லிஃப்ட் சத்தம் கேட்டாலே யார் வருகிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதை எழுதிப் பாருங்கள், ராஜினாமாக் கடிதம் அப்புறம்.

நான் இப்போது ஆபீஸ் வேலையில்தான் இருக்கிறேன். கொன்பினிக்குள் போனால் கை சும்மா இருக்காது, திரும்பிக் கிடக்கும் சோற்று உருண்டையை நேராக்கிவிட்டுத்தான் வருவேன். போன வாரம் கல்லாவில் நின்ற நேபாளத்துப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் செஞ்சிருக்கீங்களா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டான். ஆமாம், இரண்டு வருடம் என்றேன்.