பெட்ரோல் முள் விழுந்து ஏறுகிறது: பம்ப் செட்டையே மாற்றணுமா?

கேள்வி: பத்து வருஷப் பெட்ரோல் கார். டேங்கில் பாதி இருக்கும்போதே முள் காலிக்கு விழுந்து, தானே ஏறிக்கொள்கிறது. நாங்குநேரி போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை. ஒர்க்‌ஷாப்பில் பம்ப்போடு முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். முதலில் வீட்டில் சோதிக்க முடியுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியும், டேங்கைத் திறக்காமலே. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

காலையில் வெயில் ஏறுமுன் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும். அதனால் ஷெட்டுக்குள் வேண்டாம். வாசலில் நிறுத்தி நாலு கதவையும் திறந்துவையுங்கள். பக்கத்தில் கொசுவர்த்திகூட இருக்கக் கூடாது. சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை அடித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், அது கசிவு.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூடி, அதற்குள் பம்ப் கனெக்டர். உருவினால் பெரும்பாலும் நாலு பின் இருக்கும்: தடித்த ஒயர் இரண்டும் பம்ப்புக்கு, மெல்லியவை டேங்க் யூனிட்டுக்கு (மிதவை ஏறி இறங்குவதை வைத்து முள்ளுக்கு பெட்ரோல் அளவைச் சொல்லும் பாகம்). மெல்லிய ஒயருக்கு நேரான பின்களில், டேங்க் பக்கம், மீட்டரை 2000 ஓமில் வைத்து அளங்கள்.

எத்தனை ஓம் என்பதைவிட எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். டேங்க் நிறைய நிறைய சில கார்களில் எண் குறையும், சிலவற்றில் கூடும். ஒருவர் பின் பம்பரை அமுக்கி வண்டியை ஆட்டட்டும். பெட்ரோல் அலைய, எண் லேசாகக் கூடிக் குறையும். நடுவே 'ஓ.எல்.' அல்லது வெறும் 1 (தொடர்பு அறுந்ததன் அடையாளம்) வந்து போனால், யூனிட்டில் மிதவைக் கை உரசுகிற பட்டை அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. உங்கள் முள்ளின் ஆட்டத்துக்குப் பொருந்துவது இதுதான். (எப்போதும் 500 ரூபாய்க்கே போடுகிறவர்களுக்குக் கீழ்ப்பகுதி தேயும், மிதவை அங்கேயேதானே கிடக்கிறது!)

எண் அசையவே இல்லையா? எல்லாவற்றையும் மாட்டி, பங்க்கில் 10 லிட்டர் போட்டு வந்து மறுபடி அளங்கள். அதே எண் என்றால் மிதவை சிக்கியிருக்கும், அல்லது ஓட்டை விழுந்து மூழ்கியிருக்கும். ஒழுங்காக மாறினால் யூனிட்டில் குற்றமில்லை. கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா பாருங்கள். பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்து மட்டும் சோதிக்காதீர்கள். பட்டை கருகும், தீப்பொறி பறக்கும்.

வண்டி இழுவை குறையாமல் ஓடினால் பம்ப்பை மாற்றக் காரணமில்லை. பல மாடல்களுக்கு டேங்க் யூனிட் தனியாகவே வருகிறது. சேசிஸ் நம்பரைக் காட்டி, திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, டவுன் என்று இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். மாட்டுவதை ஒர்க்‌ஷாப்பிலேயே விடுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்ப உட்காராது.