துப்பாக்கியின் பேரலை மாற்றுவதற்கு முன் தரையில் கிடக்கும் துணியைப் பாருங்கள்

0.32 காலிபர் (குழல் துளை 0.32 அங்குலம்), குழலின் வாய்வழியாக வெடிமருந்து போடும் ரைஃபிள், 25 கஜத்தில்கூடக் குண்டு ஒரே இடத்தில் விழ மாட்டேன் என்கிறது, பேரலையே (குழலையே) மாற்றிவிடலாமா என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். டென்னசியில் இருக்கும் அண்ணனிடம் இதே அளவு ரைஃபிள் உண்டு, அங்கே அணில் வேட்டைக்கு இந்தச் சின்ன காலிபரை வைத்திருப்பார்கள். நான் போயிருந்த இரண்டு மாதமும் சனிக்கிழமையானால் அதுதான் வேலை. ஐந்து குண்டு சுட்டால் தோசைக்கல் அகலத்துக்குச் சிதறும். அண்ணன் மருந்தை மாற்றினார், குண்டை மாற்றினார், குறிமுள்ளைக்கூட அரத்தால் ராவிவிட்டார். குண்டைச் சுற்றி உள்ளே போட்டு, சுட்டதும் வெளியே வந்து கீழே விழுந்த துணியை மட்டும் யாரும் குனிந்து எடுக்கவில்லை.

நம் ஜவ்வாது மலைப் பக்கம் சொல்கிற நாட்டுத் துப்பாக்கி வேறு, அதன் பேரல் உள்ளே வழவழவென்றுதான் இருக்கும் (லைசென்ஸ் இல்லாமல் இங்கே அதைத் தொடவே கூடாது). ரைஃபிளில் உள்ளே சுற்றிக்கொண்டு போகும் காடி உண்டு. ஆனால் 0.310 அங்குல ஈயக்குண்டு அந்தக் காடியைத் தொடுவதே இல்லை, எண்ணெய் தடவிய துணிதான் இடுக்கை அடைத்து, காடியைப் பிடித்து, குண்டைச் சுழற்றுகிறது. அந்தத் துணி கிழிந்தால் மூன்று கிராம்கூட இல்லாத குண்டு எங்கே வேண்டுமானாலும் போகும்.

சுட்டபின் கொஞ்ச தூரம் முன்னால் போய் அந்தத் துணியைப் பொறுக்கிப் பாருங்கள். ஓரம் பிரிந்து, நடுவில் கரி படிந்து, முழுசாக இருந்தால் நல்லது. எங்களுடையதில் நடுவில் ஓட்டை, சுற்றிலும் பிளேடால் கீறியதுபோல வெட்டு. ஓட்டை என்றால் துணி மெலிசு, அல்லது எண்ணெய் போதவில்லை, நெருப்பு பக்கவாட்டில் புகுந்துவிட்டது. வெட்டுக்குக் காரணம் பேரலின் கூரான வாய் விளிம்பாக இருக்கலாம், புது பேரலின் காடி முனையாகவும் இருக்கலாம். எது என்று தெரிய, மருந்து போடாமல், துணியோடு குண்டைக் கொஞ்சம் மட்டும் உள்ளே தள்ளி, கம்பி முனையில் மாட்டும் திருகால் வெளியே இழுத்தோம். அப்போதே வெட்டு விழுந்திருந்தது, ஆக விளிம்புதான். நைசான உப்புத்தாளைக் கட்டைவிரலால் வாயில் அழுத்தி, துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பொறுமையாகத் தேய்த்ததில் அது சரியாயிற்று.

துணிக்கு வந்தால், அது என் தொழில். கடையில் வெட்டி விற்ற துணி கால் மில்லிதான் இருந்தது. நான் கொண்டுபோயிருந்த ஷூ லைனிங் டிரில் துணி, முழுப் பருத்தி, நெருக்கமான நெசவு. அதைக் கஞ்சி போக இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயவைத்தபின், தோல் அளக்கிற கேஜில் 0.4 மில்லி காட்டியது. கஞ்சியோடு போட்டால் எண்ணெய் ஊறாது, அதை மறக்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டவே வேண்டாம், உருகும். இரண்டையும் சரிசெய்த அடுத்த சனிக்கிழமை ஐந்தில் நான்கு குண்டு ஒரு ஐந்து ரூபாய் காசுக்குள் விழுந்தது, அண்ணன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

அப்புறம், சின்ன பேரலில் கரி சீக்கிரம் கட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஈரத்துணியால் துடைத்தால்தான் அடுத்ததும் அதேபோலப் போகும். குண்டை உள்ளே தள்ளும் கம்பியில் ஒரு கோடு போட்டு, குண்டு மருந்தின்மேல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், இடைவெளி இருந்தால் பேரலே பிளக்கலாம். மருந்தை அளவுக் குழாயில்தான் அளக்க வேண்டும், கண்மதிப்பில் கொட்டக் கூடாது.

நீங்கள் பொறுக்கிய துணிகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.